கட்டிக்கொண்டு குதி

கலசப்பாக்கம் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு முதல் வாத்தியார் சுரைக்குடுக்கை. கொடியிலேயே முற்றிக் காயவிட்ட சுரைக்காய் அது. ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அதன் கழுத்தில் கயிறு போட்டு, முதுகோடு சேர்த்து இடுப்பில் கட்டிவிட்டால், பையன் எத்தனை முறை முங்கினாலும் மேலே வந்துவிடுவான். இன்று அந்த வாத்தியார் வேலையை ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் வாங்கிக்கொண்டது. மாறாமல் இருப்பது கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் அதட்டல் ஒன்றுதான்: “டேய், கட்டிக்கிட்டு குதிடா!”

கரையோரக் கடலில் பாய் விரித்துப் போகும் சிறு படகுக்கு என்னென்ன பாதுகாப்புச் சாதனங்கள் வேண்டும் என்று உலகெங்கும் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனையின் சாரமும் அந்த ஒற்றை அதட்டலுக்குள் இருக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்துக்குக் கடலோடு என்ன பேச்சு என்று கேட்கலாம். கலசப்பாக்கத்தை ஒட்டி ஓடும் செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே வங்கக்கடலில் விழுகிறது. பருவதமலை ஏறப் போகிறவர்கள் கடந்து செல்லும் ஓர் ஊருக்குப் பெயரே கடலாடி. டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஒற்றை ஆள் பாய்மரப் படகு ஓட்டிய விஷ்ணு சரவணன் பிறந்தது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேலூரில். கடல் நமக்குத் தூரம்தான். ஆனால் கடலில் உயிர் காக்கும் விதிகளில் பெரும்பாலானவற்றைக் கிணற்றடியிலும் வீட்டு முற்றத்திலும் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

குடுக்கையின் கணக்கு

ஐந்து லிட்டர் பருமனுள்ள குடுக்கை நீரில் முழுதும் அமிழ்ந்தால் ஐந்து லிட்டர் நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு நீர் அதை மேலே தள்ளும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி. குடுக்கையின் சொந்த எடை 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 4.7 கிலோ தூக்குவிசை கிடைக்கும்.

அறுபது கிலோ ஆளை நாலே முக்கால் கிலோ எப்படித் தாங்கும்? தாங்க வேண்டியது ஆள் முழுவதையும் அல்ல என்பதுதான் ரகசியம். மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திக்குச் சமம். நீருக்குள் இருக்கும் பகுதியை நீரே சுமந்துகொள்கிறது. மூச்சு விடுவதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய தலை மட்டும்தான் பாரம். தலையின் எடை நான்கைந்து கிலோ. அதனால்தான் வளர்ந்த ஒருவருக்குக் கூடுதலாக மூன்று முதல் ஐந்தரை கிலோ தூக்குவிசை இருந்தால் போதும், தலை மேலே நிற்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. தண்ணீரில் தத்தளிக்கிறவர் “காப்பாத்துங்க” என்று இரண்டு கையையும் மேலே தூக்குகிறார். ஒரு கை மூன்று கிலோ. நீர் சுமந்துகொண்டிருந்த ஆறு கிலோவை அவரே வெளியே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறார். தலை உள்ளே போகிறது.

சுரைக்குடுக்கைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது முதுகில் இருக்கிறது. கையைக் காலை அடித்துப் பழகும் பையனுக்கு அது நல்ல இடம்; குப்புற மிதந்தால்தானே நீச்சல் வரும். ஆனால் மயங்கிப்போனவரையும் அது குப்புறத்தான் மிதக்கவிடும். பாய்மரப் படகில் விழுகிறவர் பெரும்பாலும் சும்மா விழுவதில்லை. பாயின் அடிக்கழி சுழன்று வந்து மண்டையில் அடிக்க, நினைவு தப்பி விழுகிறவர்கள் உண்டு. ஆகவே கடலுக்கான லைஃப் ஜாக்கெட்டில் மிதக்கும் பொருள் மார்பிலும் பிடரியைச் சுற்றியும் இருக்கும். மிதப்பது மேலே வரப் பார்க்கும், கனப்பது கீழே போகப் பார்க்கும்; இரண்டும் சேர்ந்து உடம்பைத் திருப்பி, முகத்தை வானம் பார்க்க வைக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எப்படித் தள்ளினாலும் நிமிர்வது போன்ற வித்தைதான்.

இந்தத் திறனைத்தான் சட்டையின் மேல் எண்ணாக அச்சிடுகிறார்கள். தூக்குவிசையின் அலகு நியூட்டன். பத்து நியூட்டன் என்பது சுமாராக ஒரு கிலோ. 50 என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான, கரைக்குப் பக்கத்தில் உதவி இருக்கிற இடத்துக்கான மிதவைத் துணை. மயங்கியவரைத் திருப்பிப் போடாது. 100 என்றால் அமைதியான நீர்ப்பரப்புக்கு. திறந்த கடலுக்கு 150. கனத்த உடையும் கருவிகளுமாகப் போகிறவர்களுக்கு 275. போட்டியில் ஓடும் சிறு படகுக்காரர்கள் 50 அணிவதைப் பார்த்துவிட்டு, தனியே கடலுக்குப் போகிறவரும் அதையே வாங்கினால் தப்பு. போட்டியில் பக்கத்திலேயே மீட்புப் படகு நிற்கிறது. தனிக்கடலில் யாரும் நிற்பதில்லை.

சட்டையைப் போட்டால் மட்டும் போதாது, கட்ட வேண்டும். நீரில் விழுந்ததும் சட்டை மேலே போகப் பார்க்கும், ஆள் கீழே போகப் பார்ப்பார். தொடைக்கு இடையில் வரும் பட்டையை மாட்டாவிட்டால் சட்டை காதுவரை ஏறி, ஆள் அதற்குள்ளிருந்து நழுவிவிடுவார்.

இலவம்பஞ்சும் எருக்கம்பஞ்சும்

1861 பிப்ரவரி 9. இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் பெரும் புயல். கரையில் மோதிய கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்க ஒரே மீட்புப் படகு அன்றைக்குப் பல தடவை போய்வந்தது. கடைசித் தடவை கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன். அவர் அணிந்திருந்தது கேப்டன் வார்டு என்பவர் சில ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த தக்கைச் சட்டை.

தக்கை கனம், விறைப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு வந்தது நம் தலையணைக்குள் இருக்கும் இலவம்பஞ்சு. அந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழல். வெளியே மெழுகுப் பூச்சு. நீர் உள்ளே நுழையாது. ஆகவே தன் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை மிதக்கவைக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜாவாத் தீவு ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து அற்றுப்போனது. மாற்றுத் தேடியவர்கள் கண்டுபிடித்தது, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பால்செடியின் பஞ்சு. பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் காய் பறித்துக் கொடுத்தார்கள். அது மாலுமிகளின் சட்டைக்குள் போனது. செய்யாற்றங்கரையில் காய் வெடித்துப் பறக்கும் எருக்கம்பஞ்சை ஊதி விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இலவம்பஞ்சுக்கு ஒரு பலவீனம்: எண்ணெய் பட்டால், நசுங்கினால் மிதக்கும் குணம் குறையும். இப்போது நுரைப்பொருள்கள் வந்துவிட்டன. உப்பிக்கொள்ளும் வகையும் உண்டு. தோளில் மெல்லிய பட்டைபோலக் கிடக்கும்; நீர் பட்டதும் ஒரு சிறு மாத்திரை கரையும், அது பிடித்துவைத்திருந்த ஊசி விடுபட்டு வாயு உருளையைத் துளைக்கும். உருளைக்குள் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு. வெளியே வந்ததும் பதினெட்டு லிட்டர் அளவுக்கு விரிந்து, ஆளைத் தூக்கும். வெயில் காலத்துக்கு வசதிதான். ஆனால் உருளை காலியா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் அலங்காரப் பட்டை. நுரைச் சட்டைக்கு இந்தக் கவலை கிடையாது.

ஆலாத்தித் தட்டில் ஒரு படகு

ஆளைப் போலவே படகும் மூழ்காமல் இருக்க வேண்டும். இதில் உலகத்துக்கே பாடம் சொன்னது கட்டுமரம். ஆங்கிலம் உட்படப் பல மொழிகளுக்குப் பெயரையே கொடுத்த கலம். லேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அதில் தண்ணீர் தேங்குவதற்கு உள்ளிடமே இல்லை. மேலே ஏறிய அலை இடுக்கு வழியாகத் தானே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம், நிமிர்த்தலாம். வசதி குறைவு, ஆனால் மூழ்கடிக்க முடியாத படகு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையெங்கும் ஃபைபர் படகு பெருகியது. குடைந்த வடிவம், வேகம் உண்டு, இடம் உண்டு. ஆனால் உள்ளே நீர் புகுந்தால் தங்கும். அதனால் ஃபைபர் படகிலும் சிறு பாய்ப்படகுகளிலும் முன்முனை, பின்முனை, இருக்கைக்கு அடி என்று அடைபட்ட அறைகளில் நுரைப்பொருள் நிரப்புகிறார்கள். அந்த அறை ஒவ்வொன்றும் ஒரு சுரைக்குடுக்கை.

உள்ளே புகுந்த நீர் வெறும் பாரமாக மட்டும் இருப்பதில்லை. மணமக்களுக்கு ஆலாத்தி எடுத்தவர்களுக்கு இது தெரியும். தட்டு நிறைய நீரோடு நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் நீர் முழுதும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அதே எடைக்கு ஒரு தேங்காயை நடுவில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. படகுக்குள் அலையும் நூறு லிட்டர் நீர், கட்டிவைத்த நூறு கிலோ மணல் மூட்டையைவிட ஆபத்தானது இதனால்தான். ஆகவே வாளி பாதுகாப்புச் சாதனப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கிறது. கயிறு போட்டுப் படகோடு கட்டிய வாளி. கட்டாத வாளி முதல் அலையிலேயே போய்விடும்.

நீரைப் போலவே ஆட்களும் ஓடுவார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மேல்தளத்தில் நிற்கும் கூட்டம் படகின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. ஒரு பக்கம் நகர்ந்தால் அந்த மையத்தை வெளியே தள்ளுகிறது. படகு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் எல்லையைத் தாண்டிவிட்டால், பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

பாய்ப்படகுக்கு இதற்கு மேல் காற்றின் கணக்கும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் அதன் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. காலையில் மணிக்குப் பத்து நாட்டிகல் மைல் வேகத்தில் இதமாக வீசிய காற்று மாலையில் இருபதானால், படகைச் சாய்க்கும் விசை நாலு பங்கு. ஆகவே பாயைச் சுருக்கிக் கட்டுவதற்கான கயிறும் கொக்கியும் பாதுகாப்புச் சாதனங்களே. பாயின் மேல் பகுதியைக் குறைத்தால் விசையும் குறையும், அது தாக்கும் உயரமும் குறையும். எப்போது சுருக்குவது? சுருக்கலாமா என்ற நினைப்பு முதன்முதலாக வரும்போதே. அது தேவை என்று உறுதியாகத் தெரியும் நேரத்தில் கை வேறு வேலையில் இருக்கும்.

ஒரு நிமிடம், நூற்றைம்பது மீட்டர்

மணிக்கு ஐந்து நாட்டிகல் மைல் வேகத்தில் போகும் படகிலிருந்து ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிமிடத்தில் படகு அவரைவிட்டு ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். மோட்டார் படகானால் சட்டென்று திருப்பலாம். பாய்ப்படகைக் காற்றின் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது. தனியாகப் போனவராக இருந்தால் திருப்பவும் ஆள் இல்லை. படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பனையேறி இடுப்புக் கயிறு கட்டுவதுபோல, கடலோடி தன் உடம்பை ஒரு பட்டையால் படகோடு இணைத்துக்கொள்கிறார். இருட்டில், புயலில், தனியாக இருக்கையில் இந்தப் பட்டை லைஃப் ஜாக்கெட்டைவிட மேல். விழுந்தவரை மிதக்கவைப்பதைவிட விழாமல் வைப்பது சுலபம். மோட்டார் பொருத்திய படகில் இதற்கு ஒரு தம்பி உண்டு: ஓட்டுபவரின் கையில் மாட்டும் சுருள் கயிறு. அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இயந்திரம் நின்றுவிடும். இத்தோடு, மிதக்கும் எறிகயிறு ஒன்று. சிக்கிய கயிற்றை அறுக்க உறையிட்ட கத்தி ஒன்று.

நங்கூரத்தைப் பலர் படகை நிறுத்திவைக்கும் கருவி என்று மட்டும் நினைக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று படகைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். பாய் கிழிந்தாலோ இயந்திரம் நின்றாலோ, படகு காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். அப்போது நங்கூரம்தான் பிரேக். அது தன் கனத்தால் மட்டும் பிடிப்பதில்லை. கிடைமட்டமாக இழுக்கும்போது மண்ணுக்குள் புதைந்து பிடிக்கிறது. மாடு கட்டும் முளைக்குச்சியைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் நிற்கும், நேர்மேலே இழுத்தால் வந்துவிடும் அல்லவா? நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருந்தால்தான் இழுப்பு கிடையாக இருக்கும். பத்து மீட்டர் ஆழத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் கயிறு வைத்திருப்பவர் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு.

தொடுவானம் எவ்வளவு தூரம்?

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் உயரம் கூடக் கூடத் தொடுவானம் விலகிப் போகும். கணக்கு சுலபம்: கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். காவலூர் உயரத்துக்குக் கடல்மட்டத் தொடுவானம் 96 கிலோமீட்டர்.

இப்போது கடலுக்கு வருவோம். சிறு படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர். அவருக்குத் தொடுவானம் மூன்றரை கிலோமீட்டர். நீரில் மிதப்பவரின் கண் பத்து சென்டிமீட்டர் உயரத்தில். அவருக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதுவும் கடல் கண்ணாடிபோலக் கிடந்தால். அரை மீட்டர் அலை இருந்தாலே அடுத்த அலைதான் அவர் உலகத்தின் எல்லை. தேடுகிறவர் நிலையும் அதுவே: அலைகளுக்கு நடுவே தேங்காய் அளவு கறுப்புத் தலை.

ஆகவே கண்ணில் படுவதற்கென்றே சில சாதனங்கள். முதலாவது நிறம். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மிக எடுப்பாகத் தெரிவது ஆரஞ்சு. லைஃப் ஜாக்கெட் அந்த நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. நீல நிறச் சட்டை கடலில் கரைந்துபோகும். இரண்டாவது, விசில். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலுக்கு மூச்சு போதும். மூன்றாவது, உள்ளங்கை அளவு கண்ணாடி. வெயிலில் அதன் மினுக்கல் பல கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்துக்கும் தெரியும். பேட்டரி வேண்டாம், காலாவதியும் ஆகாது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் கடலுக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது.

இரவுக்கு ஒளிக்குச்சி. கையில் பிடிக்கும் சிவப்பு அபாய ஒளி குறைந்தது ஒரு நிமிடம், 15,000 கேண்டலா பிரகாசத்தில் எரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. ராக்கெட் வகை 300 மீட்டர் உயரம் போய், குடை விரித்து, 40 நொடி எரிந்தபடி இறங்கும். 300 மீட்டர் உயரத்தை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 62 கிலோமீட்டர். மூன்றரை கிலோமீட்டர் உலகத்தில் அடைபட்டவர், நாற்பது நொடிக்கு ஒரு மலையுச்சியைக் கடன் வாங்குகிறார். அந்தச் சிவப்பைத் தருவது ஸ்ட்ரோன்ஷியம் உப்பு. சிவகாசிச் சிவப்பு மத்தாப்பிலும் இருக்கும் அதே வேதியியல். இந்த ஒளிக்குச்சிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. கப்பலோ விமானமோ கண்ணில் பட்ட பிறகுதான் கொளுத்த வேண்டும். நம்பிக்கையில் கொளுத்தித் தீர்த்துவிடக் கூடாது.

பெரிய கப்பல்கள் கண்ணைவிட ரேடாரை நம்புகின்றன. மரமும் ஃபைபரும் துணிப் பாயும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. சிறு படகு திரையில் விழாமலே போகலாம். பரிகாரம், மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்துப் பாய்மரத்தில் தொங்கவிடுவது. கேரம் பலகையின் மூலைப் பக்கமாக அடித்த காய், இரண்டு சுவரிலும் பட்டு, வந்த திசைக்கு இணையாகவே திரும்பும். அதுபோல எந்தப் பக்கத்திலிருந்து வந்த அலையையும் இந்த மூலைகள் அனுப்பியவரிடமே திருப்பிவிடும். சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு வில்லை லாரி வெளிச்சத்தை லாரிக்காரர் கண்ணுக்கே அனுப்புவதும் இப்படித்தான். இருட்டில் ஏழு மீட்டருக்குக் குறைவான பாய்ப்படகு முறையான விளக்குகள் வைக்க முடியாவிட்டால், டார்ச் விளக்காவது கையில் தயாராக வைத்திருந்து மோதலுக்கு முன் காட்ட வேண்டும் என்கிறது கடல் போக்குவரத்து விதி.

குரல் போகும் தூரம்

படகுகளில் இருக்கும் வயர்லெஸ் என்பது பெரும்பாலும் வி.எச்.எஃப். அபாய அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை. இந்த அலையும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தொடுவானம் இதற்கும் வேலி. வளிமண்டலம் சற்று வளைத்துக் கொடுப்பதால் 3.57-க்குப் பதில் 4.12 போட்டுக்கொள்ளலாம். நான்கு மீட்டர் உயர ஆன்டெனா வைத்த படகும், 36 மீட்டர் கோபுரம் உள்ள கரை நிலையமும் 33 கிலோமீட்டர்வரை பேசிக்கொள்ளலாம். கைக்கருவியோடு படகில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு எட்டு கிலோமீட்டர்தான். வயர்லெஸ்ஸில் விலையைவிட ஆன்டெனா உயரம் முக்கியம் என்பது இதனால்.

இந்த வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரிக்கு அருகே மிக வேகமாக வலுத்து, நவம்பர் 30 அன்று புயலாக மாறியது. எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை.

தொடுவானத்தைத் தாண்ட ஒரே வழி வானத்துக்குப் போவது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இடமும் ஆபத்தின் வகையும் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்துக்குப் போகும். பழைய கருவியில் ஒரு சங்கடம்: செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. 2024 தொடக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்த இரண்டாம் தலைமுறைக் கருவிக்குப் பதில் வரும். நீரில் மிதப்பவருக்கு “உன்னைக் கேட்டுவிட்டோம்” என்ற ஒரு வரி எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் அதே வழியாகப் படகுக்குப் போகும். மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசின் திட்டமும் 2024-இல் தொடங்கியது.

உலகம் முழுதும் பயன்படும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய மிதவை இன்னொன்று. 2018-இல் உலகைத் தனியே சுற்றும் பாய்மரப் போட்டியில் இருந்தார் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி. செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தள்ளி, புயலில் அவருடைய ‘துரியா’ படகின் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடி, எழுந்து நடக்க முடியவில்லை. அபாய மிதவையும் செயற்கைக்கோள் குறுஞ்செய்தியும் அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. மொரீஷியஸிலிருந்து பறந்த கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டது. அந்த வகை விமானங்களின் தாய்த்தளம், நமக்குப் பக்கத்தில் இருக்கும் அரக்கோணம். செப்டம்பர் 24 அன்று ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அடுத்த போட்டியில் மீண்டும் இறங்கி, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக முடித்தார்.

கரையோரமாகப் போகிறவருக்கு இதில் பாதிகூட வேண்டியிருக்காது. நீர் புகாத உறையில் கைபேசி. அதில் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற இரண்டு எண்கள். புறப்படும் முன் வானிலைத் துறையும், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனமும் தரும் காற்று, அலை முன்னறிவிப்பு. அதோடு எல்லாவற்றிலும் பழைய, காசே ஆகாத சாதனம் ஒன்று: எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. அவர் தேட ஆரம்பித்தால்தான் மற்றக் கருவிகளுக்கு வேலை.

குடிநீரையும் மறக்கக் கூடாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அவ்வளவு செறிவான உப்பை நம் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. குடித்த நீரைவிட அதிக நீரை உடம்பு இழக்கும். குடிநீர் கேனைக் கழுத்துவரை நிரப்பாமல் கால் பங்கு காற்று விட்டு வையுங்கள். கவிழ்ந்தால் கேனும் மிதக்கும், பெரிய கேனானால் அதைப் பிடித்துக்கொண்டு நீங்களும் மிதக்கலாம். தண்ணீர் நமக்கு வெப்பமாகத் தெரிந்தாலும் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல்வெப்பத்தை உறிஞ்சும். இரவு முழுதும் மிதக்க நேர்ந்தால் முழங்காலை மார்போடு மடக்கி, கைகளை ஒடுக்கி வைத்துக்கொள்வது வெப்பத்தைக் காக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் உயிர்

2011 டிசம்பர் 25. பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் சாதனம் இல்லை, பணம் இல்லை என்று சொல்லலாம். இன்று ஜாக்கெட் கிடைக்கிறது. பல படகுகளில் அது இருக்கவும் இருக்கிறது, இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள். ஏன் போடுவதில்லை என்று கேட்டால் பதில்கள் நியாயமாகவே இருக்கும். வெயிலில் புழுங்குகிறது, வலை இழுக்கத் தடையாக இருக்கிறது, எனக்குத்தான் நீந்தத் தெரியுமே.

நீந்தத் தெரிந்தவருக்கும் தலையின் எடை நான்கைந்து கிலோதான். கவிழும் படகு, பெட்டியைத் திறந்து, சட்டையை எடுத்து, பட்டையை மாட்டும்வரை காத்திருக்காது. அலை அடிக்கும் நீரில் மிதந்துகொண்டே சட்டையை மாட்ட முயன்று பாருங்கள். தரையில் அரை நிமிட வேலை அங்கே நடக்காத காரியம். சுருக்காத பாய், கட்டாத வாளி, நீளம் போதாத கயிறு, காலாவதியான ஒளிக்குச்சி, சொல்லாமல் போன பயணம் எல்லாவற்றுக்கும் இதே கதை. இவை அத்தனையும் கரையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. கடலில் செய்ய முடியாதவை.

கிணற்று மேட்டுப் பெரியவருக்கு ஆர்க்கிமிடீஸும் தெரியாது, நியூட்டனும் தெரியாது. குதித்த பையன் திரும்பி வந்து குடுக்கை கட்டிக்கொள்ள முடியாது என்பது மட்டும் தெரியும். அதனால்தான் கால் விளிம்பைத் தொடும்போதே கத்துகிறார்.